ஆஷ் எங்கே போனான்?

கேள்வி: எனக்கு 31 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். 2003இல் டிவியில் போக்கிமான் கார்ட்டூன் வர ஆரம்பித்தபோது நான்காம் வகுப்பு. அன்றிலிருந்து அதன் நாயகன் ஆஷையும், அவன் கூடவே திரியும் போக்கிமான் பிகாச்சுவையும் விட்டதில்லை. 2016இல் சி.ஏ. பரீட்சையில் எனக்கு ஒரு குரூப் போனது. அதே மாதம்தான் ஆஷும் கலோஸ் இறுதிப் போட்டியில் தோற்றான். கல்யாணம், பிரசவம் எல்லாவற்றுக்கும் நடுவிலும் பார்த்தேன். 2023இல் ஆஷின் கதையை முடித்துவிட்டார்கள். கடைசிப் பதினோரு பகுதிகளில் பத்தைப் பார்த்துவிட்டேன். பதினொன்றாவதை இன்றுவரை பார்க்கவில்லை. என்ன நடக்கிறது என்று தெரியும், பார்க்கத்தான் மனசு வரவில்லை. இரண்டு தடவை போட்டு, அழுது, நிறுத்திவிட்டேன். "பொம்மைப் படத்துக்கு யாராவது அழுவாங்களா?" என்று கணவர் சிரிக்கிறார். "நீ உன் சின்ன வயசை நினைச்சு அழறே" என்கிறாள் தோழி. என் ஆறு வயது மகன், ஆஷுக்குப் பதில் லிக்கோ என்ற பெண் வரும் புதுப் போக்கிமான் தொடரைத் தமிழில் பார்க்கிறான். அந்தப் பெண்ணைக் கண்டாலே எனக்கு எரிச்சல். ஒரு நாள் பாதியில் டிவியை அணைத்துவிட்டேன். போன வாரம், சிப்ஸ் பாக்கெட்டில் வந்த டாஸோ வட்டுகளை நான் சேர்த்து வைத்திருந்த பழைய டப்பாவைக் குடைந்துவிட்டு, "இந்தத் தொப்பி போட்ட அண்ணன் எங்கேம்மா போனான்?" என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கு என்ன ஆகிவிட்டது? கடைசிப் பகுதியைப் பார்ப்பதா, வேண்டாமா?

— பெயர் வேண்டாம், திருப்பூர்.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை என் மகளுக்குப் போனில் படித்துக் காட்டினேன். அவளுக்கும் உங்கள் வயதுதான். முழுவதையும் பேசாமல் கேட்டுவிட்டு, "அவங்க டப்பால மியூடூ டாஸோ இருக்குதாப்பா?" என்றாள். ஆக, உங்களுக்கு என்ன ஆகியிருக்கிறதோ அது எங்கள் வீட்டிலும் ஒருத்திக்கு ஆகியிருக்கிறது. தைரியமாக இருங்கள்.

உங்கள் தோழி சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஏனென்றால் அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பெரியவர்கள் கார்ட்டூனுக்கு அழுதால் எல்லோரும் கையில் தயாராக வைத்திருக்கும் விளக்கம் அது: நீ அழுவது கதைக்காக இல்லை, தொலைந்துபோன பால்யத்துக்காக. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே சேனலில், அதே வயதில், பூனை எலியைத் துரத்தியதையும் பல வருடம் பார்த்திருப்பீர்களே! அதை நினைத்து என்றைக்காவது தொண்டை அடைத்ததா? பால்யம்தான் காரணம் என்றால் அந்தப் பூனைக்கும் ஒரு சொட்டு விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. நீங்கள் அழுவது ஆஷுக்காக. அதற்குக் காரணத்தை நீங்களே எழுதிவிட்டு, கவனிக்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். பரீட்சையில் குரூப் போன மாதம், அவனும் தோற்றான்.

போக்கிமானைப் பார்க்காத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பத்து வயது நிரம்பிய ஒரு பையன் ஊரைவிட்டுக் கிளம்புகிறான். போக்கிமான் என்று சொல்லப்படும் விநோத ஜீவன்களைப் பிடித்து, பழக்கி, ஊர் ஊராகப் போட்டிகளில் மோதி, என்றாவது 'போக்கிமான் மாஸ்டர்' ஆவது அவன் ஆசை. ஜப்பானில் அவன் பெயர் சதோஷி. இந்தக் கதைக்கு மூலமான வீடியோ கேமை உருவாக்கிய சதோஷி தஜிரியின் பெயரையே வைத்தார்கள். நமக்கு வந்தபோது ஆஷ் ஆனான். 1997 ஏப்ரல் 1 அன்று டிவி டோக்கியோவில் கிளம்பியவன், 2023 மார்ச் 24 வரை, ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் நடந்திருக்கிறான். இத்தனைக்கும் அவன் வயது பத்துதான்.

அந்த வயதைப் பற்றிக் கிண்டல் செய்யாதவர்கள் இல்லை. நானும் செய்திருக்கிறேன். அவன் தோல்விகளைப் பற்றித்தான் யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. குழந்தைகள் நிகழ்ச்சியின் கதாநாயகன் கடைசிப் போட்டியில் ஜெயிப்பான் என்பது எழுதாத சட்டம். இவனோ முதல் லீக்கிலேயே மண்ணைக் கவ்வினான். அதுவும் எப்படி? அவன் வளர்த்த சாரிசார்ட் என்ற போக்கிமான் சண்டை போட இஷ்டமில்லாமல் மைதானத்திலேயே படுத்துக்கொண்டது! எதிராளி பலசாலி என்றால்கூட மனசு ஆறும். வளர்த்தவனின் பேச்சை வளர்ந்தது கேட்கவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் ஜோட்டோ, ஹோயன், சின்னோ, யுனோவா என்று ஒவ்வொரு நாட்டிலும் லீக்கில் தோற்று, துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனான். கலோஸில் இறுதிப் போட்டி வரை வந்தான். அவனுடைய கிரெனிஞ்சா என்ற போக்கிமானின் வேகத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் இந்தத் தடவை விடமாட்டான் என்று நம்பினோம். எதிராளி அலெய்னின் சாரிசார்டிடம் அதுவும் போயிற்று. 2019 செப்டம்பரில் அலோலாவில்தான் முதல் லீக் பட்டம். (அதற்கு முன்பே ஜெயித்த ஆரஞ்சுத் தீவுக் கோப்பையை விட்டுவிட்டீர்களே என்று கடிதம் எழுதக் கிளம்புகிறவர்கள் தயவுசெய்து உட்காருங்கள். அது எனக்கும் தெரியும். என் மகள் அதைக் கணக்கில் சேர்க்க விடமாட்டாள்.)

தோற்றவுடன் அவன் என்ன செய்வான் என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஜெயித்தவனிடம் போய்க் கை கொடுப்பான். ஒரு நாளோ இரண்டு நாளோ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வான். அப்புறம் பசிக்கிறது என்பான். நீங்கள் அந்த குரூப்பை மறுபடி எழுதினீர்களா என்று கடிதத்தில் சொல்லவில்லை. ஆனால் இன்று ஒரு கம்பெனியின் கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. உங்களுக்குச் சோறு இறங்காமல் இருந்த ஒரு மாதத்தில், அதே மாதிரி தோற்றுப்போய் உங்கள் எதிரே நின்ற ஒருவன், இனிமேல் வரமாட்டான். அதற்கு அழுவதில் என்ன கூச்சம் வேண்டியிருக்கிறது?

கணவர் விஷயம் சுலபம். அவர் கிரிக்கெட் பார்ப்பவராக இருந்தால், 2020 ஆகஸ்ட் 15 சாயங்காலம் ஏழரை மணி சுமாருக்கு, தோனி ஓய்வு என்ற செய்தி வந்தபோது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று சாப்பிடும்போது மெதுவாகக் கேளுங்கள். மேற்கொண்டு வாதாட வேண்டியிருக்காது.

இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள். 2022 நவம்பர் 11 அன்று ஆஷ் உலக சாம்பியன் லியோனை வீழ்த்திய பகுதி ஒளிபரப்பானபோது, டோக்கியோவின் ஷிபுயா சந்திப்பில் உள்ள ராட்சதத் திரைகளில் அவன் வெற்றியைக் காட்டினார்கள். நின்று அண்ணாந்து பார்த்தவர்களில் அலுவலகப் பையோடு வந்த பெரியவர்களும் இருந்திருப்பார்கள். உங்களைப் போல அவன் தோல்விகளை ஒன்றுவிடாமல் பார்த்து வந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேரோ.

அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள், டிசம்பர் 16 அன்று, சதோஷியின் பயணம் முடிகிறது என்று அறிவித்தார்கள். அந்தத் தேதி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சரியாக 25 வருடத்துக்கு முன்பு, 1997 டிசம்பர் 16 அன்றுதான், தொடரின் 38ஆம் பகுதியில் சிவப்பும் நீலமுமாக வெட்டி வெட்டி மின்னிய ஒரு காட்சியைப் பார்த்து ஜப்பான் முழுக்க நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு வலிப்பும் மயக்கமும் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான்கு மாதம் தொடரையே நிறுத்தி வைத்தார்கள். அத்தோடு ஊற்றி மூடியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் டாஸோவுக்காகச் சிப்ஸ் பாக்கெட் வாங்கியிருக்க மாட்டீர்கள், உங்கள் மகன் என்னைச் சங்கடப்படுத்தும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டான். முடிவு தேதியை அறிவித்தவர்கள் வேண்டுமென்றே அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் கணக்குப் பார்ப்பவருக்கு இது பிடிக்கும் என்று எழுதினேன். 38இல் முடிந்திருக்க வேண்டியது 1,200 தாண்டி வந்திருக்கிறது.

சரி, பதினொன்றாவது பகுதிக்கு வருவோம். என்ன நடக்கிறது என்று தெரியும் என்கிறீர்கள், அதனால் தயங்காமல் பேசுகிறேன். தெரிந்துகொள்ள விரும்பாத மற்ற வாசகர்கள் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.

நீங்கள் பயப்படுகிற மாதிரி முடிவு அதில் இல்லை. நம் பழைய படங்களில் எல்லோரும் வரிசையாக நின்று கும்பிட, திரையில் 'சுபம்' என்று விழுமே, அந்த மாதிரி எதுவும் விழவில்லை. ஆஷ் பெரியவனாகவில்லை. பதக்கம் குத்திக்கொண்டு யாருக்கும் பாடம் நடத்தவில்லை. உலக சாம்பியன் ஆன பையன், சொந்த ஊருக்குத் திரும்பி வருகிறான். பழைய பயணத் தோழர்கள் மிஸ்டியும் ப்ராக்கும் ஆரம்ப காலம் போலவே கூட நடந்துவிட்டு அவரவர் வழியில் பிரிகிறார்கள். மாஸ்டர் ஆவதற்கு எவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறாய் என்று பழைய போட்டிக்காரன் கேரி கேட்ட கேள்வி, அவனை விடாமல் துரத்துகிறது. உலகத்துக் கோப்பையையே வாங்கிவிட்டவனுக்கு அதற்குச் சட்டென்று பதில் வரவில்லை! யோசித்து யோசித்து, எல்லாப் போக்கிமானோடும் சிநேகமாக இருக்க வேண்டும் என்ற இடத்துக்கு வந்து சேர்கிறான். அப்புறம் வழக்கம்போல மறுபடியும் கிளம்புகிறான், பிகாச்சுவோடு. அவ்வளவுதான்.

இது போதாது என்று கோபப்பட்டவர்கள் நிறையப் பேர். எனக்கும் ஒன்றிரண்டு மனக்குறை உண்டு. சாம்பியன் போட்டியில் அந்த கிரெனிஞ்சாவைக் களத்தில் இறக்கவில்லையே என்பது ஒன்று. பிட்ஜியோட் என்ற பறவைப் போக்கிமான் இன்னொன்று. முதல் தொடர் முடியும்போது, காட்டில் தன் கூட்டத்தைக் காப்பாற்ற அதை விட்டுவிட்டு, திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனானே! கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு கழித்து, இந்தக் கடைசிப் பகுதிகளில்தான் அந்த வாக்கைக் காப்பாற்றுகிறான். பிள்ளையை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, அடுத்த வாரம் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று போனவர் கதைதான். வந்தானே என்பதற்காக மன்னித்துவிடலாம். ஆனால் தாமதம் தாமதம்தான்.

இதைவிடக் கனமான ஒரு முடிவைப் பற்றியும் படித்திருக்கிறேன். முதல் சில வருடங்கள் இந்தத் தொடரின் தலைமை எழுத்தாளராக இருந்தவர் டகேஷி ஷுடோ. 2010இல் காலமாகிவிட்டார். தான் மனதில் வைத்திருந்த ஒரு கடைசிக் காட்சியைப் பற்றி அவரே பின்னாளில் எழுதினார். அதில் சதோஷி கிழவனாகியிருக்கிறான். தன் சின்ன வயதை, கற்பனை ஜீவன்களோடு திரிந்த நாட்களை நினைத்துப் பார்க்கிறான். பிறகு விழிக்கும்போது மறுபடி சிறுவன். அம்மா எழுப்புகிறாள். வீட்டைவிட்டுக் கிளம்புகிறான், போக்கிமானைப் பிடிப்பதற்காக இல்லை, தான் யார் என்று தெரிந்துகொள்வதற்காக. அருமையான யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் அதை எடுத்திருந்தால் பிகாச்சு இருந்ததா இல்லையா என்ற சந்தேகத்தோடு நீங்களும் என் மகளும் இந்த ஜென்மம் முழுவதும் உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் தோழி சொன்ன 'தொலைந்த பால்யம்' அந்த முடிவுக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். இப்போது எடுத்திருப்பதற்குப் பொருந்தாது. இதில் பையன் எதையும் தொலைக்கவில்லை.

அதனால் பாருங்கள் என்றுதான் சொல்வேன். பார்க்காமல் வைத்திருப்பதும் தப்பில்லை. டப்பாவின் அடியில் ஒரு முறுக்கை விட்டுவைப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, முறுக்கு நமுத்துவிடும். ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு, போனில், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பார்க்காதீர்கள். இரண்டு தடவையும் அப்படித்தான் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் மின்சார பில்லைப் பார்த்தால்கூட அழுகை வரும். ஞாயிற்றுக்கிழமை பகலில், டிவியில், மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். அதற்கு முன்னால் முதல் பகுதியைப் போட்டுக் காட்டிவிடுங்கள். தூங்கிப்போய்த் தாமதமாக எழுந்து, மிச்சமிருந்த ஒரே போக்கிமானை வாங்கிக்கொண்டு, அது ஷாக் அடித்து, கொட்டுகிற மழையில் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி, வானவில்லுக்கு மேலே பறக்கிற பொன்னிறப் பறவையை அண்ணாந்து பார்க்கிற பகுதி. கடைசிப் பகுதியின் தலைப்பிலும் அந்த வானவில் வருகிறது. நடுவிலுள்ள ஆயிரத்துச் சொச்சத்தைக் காட்ட வேண்டாம். அவனே கேட்டால், பட்டர்ஃப்ரீ என்ற தன் போக்கிமானை ஆஷ் விட்டுப் பிரிகிற 21ஆம் பகுதி மட்டும். அதுகூட அவனே கேட்டால்தான்.

எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் கேபிளில் அது இந்தியில் வந்தது. யாருக்கும் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் மகள் கதையை வரி பிசகாமல் எனக்குச் சொல்வாள். பாதி அவளே இட்டுக்கட்டியது என்று பிற்பாடுதான் தெரிந்தது. பிகாச்சுவுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. ஜப்பானில் இகுவே ஓடானி என்ற அம்மையார் கொடுத்த குரலைத்தான் உலகத்தில் பெரும்பாலான நாடுகளில் அப்படியே வைத்துக்கொண்டார்கள். உங்கள் மகனுக்கும் அது மட்டும் புரிந்தால் போதும்.

இனி லிக்கோ. இதில் மட்டும் உங்களைக் கொஞ்சம் கண்டிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு நீங்கள் மாற்றாந்தாய் ஆகிவிட்டீர்கள். ஆஷ் போன மூன்று வாரத்தில், 2023 ஏப்ரல் 14 அன்று, அவன் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இருபத்தைந்து வருடம் ஒருவன் உட்கார்ந்த நாற்காலியில் உட்காரச் சொன்னால் அவள் என்ன செய்வாள், பாவம்? பழைய ஆஷைப் போல "நான்தான் ஜெயிப்பேன்" என்று கத்துகிற சுபாவமும் அவளுக்கு இல்லை. கூச்சப்படுவாள், யோசிப்பாள், அப்புறம்தான் பேசுவாள். அவள் போகிற அந்த வான்கப்பலில் தொப்பி போட்டுக்கொண்டு கேப்டனாக வரும் பிகாச்சுவைக் கவனித்தீர்களா? வேறு பிகாச்சுதான், ஆனால் குரல் அதே ஓடானி அம்மையார். எரிச்சலோடு டிவியை அணைத்த அன்று அதைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

நான் என் மகளிடம் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அவள் பிகாச்சு பிகாச்சு என்று குதித்த நாட்களில், "எங்க காலத்து அம்புலிமாமா முன்னாடி இதெல்லாம் ஒரு கதையா?" என்று தினமும் ஒரு பிரசங்கம். அவள் எதிர்த்துப் பேசவில்லை. டிவி சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி வைப்பாள். அம்புலிமாமாவை அவள் இன்றுவரை தொடவில்லை. ஆகவே, ஆஷின் பெருமையை வைத்து லிக்கோவை மட்டம் தட்டினால் உங்கள் மகன் எதை வெறுப்பான் என்று சொல்லத் தேவையில்லை.

உங்கள் மகன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்கிறீர்கள். நான் எழுதித் தரப்போவதில்லை. கடைசிப் பகுதி ஓடி முடிந்ததும், அந்த அண்ணன் எங்கே போகிறான் என்று அவனிடமே திருப்பிக் கேளுங்கள். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு வழி நன்றாகத் தெரியும். நீங்கள் அதற்குள் அழுதுகொண்டிருந்தால் அழுங்கள். அம்மா எதற்கு அழுகிறாள் என்று கேட்டால், ரொம்ப நாளாகத் தெரிந்த அண்ணன் என்று சொல்லுங்கள். பொய் இல்லையே.

அப்புறம், அந்த டாஸோ டப்பா. உணர்ச்சிவசப்பட்டு அதைத் தூக்கி மகன் கையில் கொடுத்துவிடாதீர்கள். ஆறு வயது, தொலைத்துவிடுவான். மியூடூ இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஒரு வரி எழுதுங்கள், இங்கே ஒருத்தி தினமும் போன் பண்ணிக் கேட்கிறாள்.